படகு டிரெய்லருக்குப் பட்டை பார்க்கும் ஓர் எல்லையோரப் பட்டறை

களியக்காவிளையில் கேரள எல்லையைத் தாண்டி, தேசிய நெடுஞ்சாலை 66இல் இஞ்சிவிளை வழியாகப் பாறசாலை நோக்கிச் செல்லும் பாதையிலிருந்து பிரியும் ஒரு கிளைச்சாலையில், சரக்கு வண்டிகளுக்குப் பட்டை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டி, வண்டியின் சுமையைத் தாங்கும் உருக்கு ஸ்பிரிங்) கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ‘ஆசான் பட்டறை’ என்று கேட்டால் எல்லைக்கு இருபுறமும் வழி சொல்வார்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் ஆசான்கள் பலர் உண்டு என்பதால், படகு வண்டி பார்க்கிற ஆசான் என்று சேர்த்துக் கேட்பது நல்லது. லாரிக்கும் மினி லாரிக்கும் வேலை செய்வதே அவருடைய பிழைப்பு. படகு டிரெய்லர் அவரிடம் இடையிடையே வந்து சேரும் வேலைதான். இருந்தும், தேங்காப்பட்டணத்துக்கும் பூவாறுக்கும் இடையில் டிரெய்லரில் படகு இழுப்பவர்கள், ‘சஸ்பென்ஷன் போய்விட்டது, எங்கே காட்டலாம்’ என்று கேட்டால், நான் இப்போது இந்த இடத்தைத்தான் சொல்கிறேன். சில குறைகளோடு சேர்த்துத்தான் சொல்கிறேன். அவற்றையும் பின்னால் எழுதியிருக்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. ஒற்றை ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு), இருபுறமும் பட்டை ஸ்பிரிங், பிரேக் இல்லாத, துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் கொண்ட டிரெய்லர். அதன்மேல் ஒரு சிறிய ஃபைபர் படகு. எஞ்சின், எண்ணெய், நங்கூரம் எல்லாம் ஏற்றினால் படகு மட்டும் சுமார் 700 கிலோ வரும், டிரெய்லரையும் சேர்த்தால் 950 கிலோ. படகு இடப்பக்கம் சாய்ந்து நிற்கத் தொடங்கியதுதான் முதல் அறிகுறி. மார்த்தாண்டம் பக்கத்தில் நான் காட்டிய ஒரு பட்டறையில் இடப்பக்கப் பட்டைக்கட்டில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். சாய்வு போகவில்லை. பிறகு இரண்டு பக்கத்துக் கட்டுகளையும் கழற்றிவிட்டு, சிறிய சரக்கு வண்டிக்குரிய கனமான புதிய கட்டுகளைப் போட்டுக் கொடுத்தார்கள். அப்போதும் சாய்வு அப்படியே இருந்தது. அதோடு மேடுபள்ளங்களில் டிரெய்லர் துள்ளத் தொடங்கியது, இடப்பக்க டயரின் உள்விளிம்பு தேய்ந்தது, சில மாதங்களில் டிரெய்லரின் பின்பகுதி சாலையோரமாக இடப்பக்கம் ஒதுங்கி நண்டைப்போல ஓடுவதாகப் பின்னால் வந்த வண்டிக்காரர்கள் சொன்னார்கள். ஒரு குறையோடு உள்ளே போன வண்டி நான்கு குறைகளோடு வெளியே வந்ததென்றால், அங்கே பழுது பார்த்தார்களே தவிரக் காரணம் பார்க்கவில்லை என்றுதான் பொருள். ஆசான் பட்டறையின் சிறப்பு, ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பு அளவு நாடாவை எடுப்பது. பரிசோதனைக்கு மட்டும் தனியாக 800 ரூபாய் வாங்குகிறார். வேலையை அவரிடம் கொடுக்காமல் போனாலும் அது திரும்பக் கிடைக்காது. இது பலருக்கு உறுத்துகிறது. எனக்கு இதுவே அங்கு கொடுத்த பணத்தில் மிகவும் பயனுள்ள பகுதியாகத் தெரிந்தது.

வெறும் டிரெய்லரைக் கொண்டு வரக் கூடாது என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். சாலையில் எந்தச் சுமையோடு ஓடுகிறதோ அதே சுமையோடு, டேங்கில் எண்ணெயும் பெட்டியில் நங்கூரமுமாக வர வேண்டும். வந்ததும் இரண்டு டயர்களிலும் காற்றைச் சமமாக்கினார். பட்டறைக்கு முன்னால் மட்டம் பார்த்துப் போட்ட சிமெண்டுத் தளத்தில் வண்டியை நிறுத்தி, அளப்பதற்கு முன்பு கையால் முன்னும் பின்னுமாகச் சில முறை உருட்டச் செய்தார். பட்டைகளுக்கு இடையிலும், கட்டின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளிலும் உராய்வு இருப்பதால், வண்டி நின்ற இடத்தில் ஸ்பிரிங் அதன் இயல்பான உயரத்துக்கு வராமல் பிடித்துக்கொண்டு நிற்கும். உருட்டி விட்டால்தான் அந்தப் பிடிப்பு விடும், அதற்குப் பிறகு எடுக்கும் அளவே நம்பத்தக்கது என்பது அவருடைய விளக்கம்.

பிறகு தரையிலிருந்து சட்டம் வரை நான்கு மூலைகளிலும் அளந்தார். சாய்ந்து நிற்கும் படகைப் பார்த்துவிட்டு இடப்பக்கச் சட்டம் தாழ்ந்திருக்கும் என்றே யாரும் நினைப்பார்கள். அளவில் இடப்பக்கச் சட்டம் வலப்பக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்து நின்றது. அப்படியானால் சாய்வு சட்டத்துக்குக் கீழே இல்லை, மேலே இருக்கிறது. படகின் பின்பலகையின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது, அது டிரெய்லரின் நடுக்கோட்டிலிருந்து நான்கு விரல்கடைக்கு மேல் இடப்பக்கம் தள்ளி விழுந்தது. படகைத் தாங்கும் நீளப் பலகைகளில் இடப்பக்கத்துப் பலகை, போல்ட் கடித்த இடத்தில் உளுத்து, உள்ளே இறங்கியிருந்தது. மேலே கம்பளம் போர்த்தி ஆணி அடித்திருந்ததால் வெளியே தெரியவில்லை. “பட்டைக்கு ஒண்ணும் இல்ல சாரே, பலகைதான் இருந்துபோச்சு” என்றார். முதல் நாளிலேயே யாராவது ஒரு நாடாவை வைத்துச் சட்டத்தின் உயரத்தை அளந்திருந்தால், இரண்டு புதிய பட்டைக்கட்டுகளின் விலை மிஞ்சியிருக்கும்.

மற்ற மூன்று குறைகளில் துள்ளலும் நண்டு நடையும் அந்தத் தவறான வைத்தியத்தின் பிள்ளைகள் என்பதை அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். துள்ளலுக்குக் காரணம் எளிது: சுமை இல்லாதபோதும் சுமையேற்றிய பிறகும் ஆக்சிலுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்த்ததில், கனமான புதிய கட்டு 20 மில்லிமீட்டர்தான் அமுங்கியது. ஸ்பிரிங் என்பது அமுங்கத்தான் இருக்கிறது. இரண்டு டன் தாங்கும் கட்டை ஒரு டன்னுக்கும் குறைவான வண்டியில் போட்டால், குழியில் விழும் அதிர்வு ஸ்பிரிங்கில் அடங்காமல் சட்டத்துக்கும், அங்கிருந்து படகின் அடிப்பாகத்துக்கும் நேராகப் போகும். ஃபைபர் படகில் அந்த அதிர்வு, பலகை தாங்கும் இடங்களில் மயிரிழை விரிசலாகவே முதலில் தெரியவரும். பட்டையைச் சேர்த்தால் வண்டிக்குப் பலம் என்ற எண்ணம் நம் ஊரில் எல்லா வண்டிக்காரர்களிடமும் இருக்கிறது. சரக்கு வண்டிக்கு அது ஓரளவு பொருந்தலாம். எப்போதும் ஒரே சுமையைத் தூக்கும் படகு டிரெய்லருக்குச் சுமைக்கு ஏற்ற கட்டுதான் வேண்டும்.

நண்டு நடைக்குக் காரணம் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு மாட்டும் கப்ளரின் நடுப்புள்ளியிலிருந்து ஆக்சிலின் இரு முனைகளுக்கும் இரும்பு நாடாவை இழுத்துப் பிடித்து அளந்தார். இரண்டு அளவும் சமமாக இருக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் வரை வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். என் வண்டியில் இடப்பக்கம் 30 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது, அதாவது ஆக்சிலின் இடமுனை பின்னால் போயிருந்தது. பட்டைக்கட்டை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிப்பவை யூ போல்ட்டுகள். பட்டைகளின் நடுவே செல்லும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சில் மேலுள்ள இருக்கைத் தகட்டின் துளையில் உட்கார்ந்து இடத்தைக் குறிக்கும். சுமையைத் தாங்குவது அதன் வேலை அல்ல. யூ போல்ட் தளர்ந்துவிட்டால், ஒவ்வொரு குலுக்கலிலும் ஆக்சில் முன்பின்னாக அசைந்து, அந்தச் சிறிய தலையை வெட்டிவிடும். கழற்றிப் பார்த்தபோது சென்டர் போல்ட்டின் தலை அறுந்திருந்தது, இருக்கைத் தகட்டின் துளை நீள்வட்டமாகியிருந்தது. புதிய கட்டைப் போட்டவர்கள் பழைய யூ போல்ட்டுகளையே திரும்ப முடுக்கியிருந்தார்கள். ஒருமுறை இறுக்கி நீண்டுபோன யூ போல்ட்டுக்குப் பழைய பிடிமானம் வராது. கூடவே, புதிய பட்டைகளுக்கு இடையில் இருந்த பெயின்ட் ஓட்டத்தில் அமுங்கிக் கட்டின் தடிமன் சற்றுக் குறையும். அதனால்தான் முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடியும் முடுக்க வேண்டும் என்பது விதி. இந்த விதியை எனக்கு முதலில் சொன்னவர் ஆசான்தான்.

டயர் தேய்மானத்தையும் இந்தக் கோணல் தலையில் போட்டுவிட்டிருந்தால் நானும் நம்பியிருப்பேன். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒற்றை ஆக்சில் வண்டியில் ஆக்சில் கோணலானால் வண்டி பக்கவாட்டில் ஒதுங்கி ஓடுமே ஒழிய, சக்கரங்கள் தாம் போகும் திசையில்தான் உருளும். இரட்டை ஆக்சிலாக இருந்தால் ஒன்றை ஒன்று இழுத்து டயர் அரைபடும். ஆகவே உள்விளிம்பு தேய்வதற்கு வேறு காரணம் தேட வேண்டும் என்று சொல்லி, ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். கையில் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தது. பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுக்கூடான ஹப்பைத் திறந்ததும் கிரீஸ் பால் கலந்த காபி நிறத்தில் வந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பேரிங்கின் உருளைகளில் கறுப்புப் புள்ளிகள். பேரிங் தளர்ந்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், பாரம் டயரின் உள்விளிம்பில் விழும். படகின் எடையும் இடப்பக்கம் ஒதுங்கியிருந்ததால் அந்தச் சக்கரத்துக்குக் கூடுதல் சுமை.

தண்ணீர் எப்படிப் போனது என்பதைப் படகு இழுக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சாலையில் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். உள்ளே உள்ள காற்று விரிந்திருக்கும். பொழிமுகத்தில் இறங்கியவுடன் அதை அப்படியே தண்ணீரில் முக்கினால், ஹப் சட்டென்று குளிர்ந்து உள்காற்று சுருங்கி, அந்த வெற்றிடம், ஹப்பை அடைத்திருக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதடு வழியாக உப்புநீரை உறிஞ்சும். கரையில் சற்று நேரம் நிறுத்தி, ஹப்பைத் தொட்டுப் பார்த்துக் கை தாங்கும் சூட்டுக்கு வந்த பிறகு இறக்கினால் இதில் பெரும்பகுதி தவிர்ந்துவிடும். ஸ்பிரிங் வைத்து கிரீஸை உள்ளே சிறிது அழுத்தத்தில் வைத்திருக்கும் மூடிகளும் உண்டு. ஆசான் அவற்றைப் பொருத்தித் தருகிறார். ஆனால் மூடி இருக்கிறது என்பதற்காக ஆண்டுக்கொரு முறை ஹப்பைத் திறந்து பார்ப்பதை விட்டுவிடக் கூடாது என்று கூடவே சொல்கிறார். அந்த மூடியில் கிரீஸை அளவுக்கு மேல் அடைத்தால் பின்பக்கச் சீலையே அது தள்ளிவிடும் என்பதும் உண்மைதான்.

செய்த வேலை: உளுத்த பலகைக்குப் பதிலாக அயனி மரத்தில் இரண்டு பலகைகளையும் புதிதாகப் போட்டார். வள்ளம் கட்டப் பயன்படும் மரம் என்பதால் உப்புநீரில் அதன் உழைப்பைப் பற்றி இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பட்டைக்கட்டுகளையும் பிரித்து, இருபக்கமும் சமமாகப் பட்டைகளைக் குறைத்து, கம்பித் தூரிகையால் துருவை எடுத்து, இடையில் கிராஃபைட் கிரீஸ் தடவித் திரும்பக் கட்டினார். இப்போது படகு ஏறினால் கட்டு 45 மில்லிமீட்டர் அமுங்குகிறது. சென்டர் போல்ட், யூ போல்ட், பேரிங், சீல் எல்லாம் புதியவை. ஷேக்கிளுக்கு, கிரீஸ் ஏற்றும் நிப்பிள் உள்ள போல்ட்டுகள். இருக்கைத் தகட்டின் நீண்ட துளையைச் சிறிது சிறிதாக, சூடு ஆக்சிலுக்கு ஏறாமல் ஆறவிட்டு ஆறவிட்டு வெல்டு நிரப்பி, மறுபடியும் துளையிட்டார். எல்லாம் முடிந்து அளந்தபோது இரு பக்கத்து அளவுக்கும் இரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது.

அவர் செய்ய மறுத்தவற்றையும் சொல்ல வேண்டும். பழைய பட்டைகள் என்னிடம் இருந்தன. அவற்றை உலையில் காய்ச்சி வளைவு ஏற்றித் தரலாமா என்று கேட்டேன். பட்டை உருக்கு எண்ணெயில் குளிர்வித்து, அதன்பின் மிதமான சூட்டில் பதப்படுத்தித் தன் விறைப்பைப் பெற்றது. சிவக்கக் காய்ச்சி அடித்தால் அந்தப் பதம் போய்விடும், வளைவு சில மாதங்களில் மறுபடி படுத்துவிடும் என்று மறுத்துவிட்டார். பட்டையில் எங்கும் வெல்டு வைப்பதில்லை என்பதிலும் உறுதியாக இருக்கிறார். வெல்டு வைத்த இடத்துக்கு அடுத்தாற்போல் விரிசல் விட்டு, ஓட்டத்தில் முறியும். அந்தப் பழைய பட்டைகளில் ஒன்றைக் கழுவிக் காட்டினார்: நடுத்துளையின் ஓரத்தில் துருக்குழி, அதிலிருந்து கிளம்பிய மெல்லிய விரிசல். உப்புநீரில் நனைந்து ஓடும் பட்டைகள் பெரும்பாலும் இந்த நடுத்துளையிலோ, பட்டை முனையில் சுருட்டிய வளையமான கண்ணின் ஓரத்திலோதான் முறிகின்றன. இழுவிசை படும் பரப்பில் ஒரு சிறிய துருக்குழி இருந்தால் போதும்.

நான் கேட்காமலே செய்த ஒரு வேலை கப்ளர் எடையைப் பார்த்தது. கப்ளரை ஒரு தராசின் மேல் தாங்க வைத்தபோது 35 கிலோ காட்டியது. மொத்த எடையில் நான்கு விழுக்காடுகூட இல்லை. படகு டிரெய்லருக்கு இது ஏழு முதல் பத்து விழுக்காடு வரை இருந்தால் வேகத்தில் பின்பகுதி ஆடாது. படகின் மூக்கை இழுத்துக் கட்டும் விஞ்ச் தூணைச் சுமார் 20 சென்டிமீட்டர் முன்னால் தள்ளிப் படகை நகர்த்தியதும் 70 கிலோவுக்கு வந்தது. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பேருந்துகள் முந்திச் செல்லும்போது முன்பெல்லாம் ஸ்டியரிங்கில் உணர்ந்த இழுப்பு இப்போது இல்லை. நான் அதையும் பட்டையின் கோளாறு என்றுதான் எண்ணியிருந்தேன்.

ரப்பர் டார்ஷன் ஆக்சிலுக்கு மாறலாமா என்ற கேள்விக்கு அவருக்கு உடனடிப் பதில் இருக்கிறது: வேண்டாம். குழாய்க்குள் ரப்பரை அழுத்தி வைத்திருக்கும் அந்த ஆக்சில் ஓட்டத்தில் மென்மையானது, பட்டைகளைப்போலத் துரு பிடித்துச் சத்தமிடாது. ஆனால் குழாயின் உள்ளே துருவேறினாலோ ரப்பர் தளர்ந்தாலோ பழுது பார்க்க வழியில்லை, முழு ஆக்சிலையும் மாற்ற வேண்டும். பட்டையில் எந்த உறுப்பு போனாலும் களியக்காவிளையிலோ நாகர்கோவிலிலோ அதை மட்டும் வாங்கிவிடலாம். இந்த வட்டாரத்துக்கு இது சரியான வாதம்தான். ஆனால் நல்ல தண்ணீரில் மட்டும் இறங்கும் வண்டிக்கும் அவர் இதையே சொல்கிறார். பட்டை கட்டுபவரின் சார்பு அதில் கொஞ்சம் இருக்கிறது.

இனிக் குறைகள். சொன்ன நாளில் வேலை முடியாது. எனக்கு ஏறத்தாழ இரு மடங்கு நாள் ஆனது, இடையில் ஒரு லாரி வந்தால் படகு வண்டி ஓரம் போய்விடும். எப்போது வரலாம் என்று நாமாகத்தான் அழைத்துக் கேட்க வேண்டும். முடிப்பு வேலையில் கவனம் போதாது. வெல்டு வைப்பதற்காகத் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்த இடங்களில், துத்தநாகம் செறிந்த பெயின்ட்டைப் பூசியிருக்க வேண்டும். அவர்கள் சாதாரண வெள்ளிநிறப் பெயின்ட்டைத் துடைக்காத தூசியின் மேலேயே அடித்திருந்தார்கள். உப்புநீருக்குள் போகும் வண்டியில் இது சிறிய குறை அல்ல. நான் வீட்டுக்கு வந்து சுரண்டி மறுபடி பூசினேன். பட்டறையில் டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இருக்கிறது, ஆசான் அதைப் பயன்படுத்துகிறார், கையாட்கள் பயன்படுத்துவதில்லை. யூ போல்ட் முடுக்கும்போது அவர் அருகில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்விளக்கு ஒயரிங் வேலை எதையும் எடுப்பதில்லை. பில் ஒரு தாளில் கையால் எழுதியது, பாதி மலையாளத்தில். கேட்டால் தமிழில் எழுதித் தருவார்.

மொத்தம் 14,500 ரூபாய் ஆனது. அதில் பேரிங், சீல், பலகை எல்லாம் அடக்கம். முந்தைய பட்டறையில் கனமான கட்டுகளுக்கும் கூடுதல் பட்டைக்குமாகக் கொடுத்தது இதைவிட அதிகம். இடப்பக்கச் சக்கரத்தில் சிறிதளவு உள்சாய்வு இன்னும் எஞ்சியிருக்கிறது. ஆக்சில் இலேசாக வளைந்திருக்கலாம் என்றார். அதைச் சூடு காட்டி நிமிர்த்தினால் பிறகு அந்த இடத்திலேயே வளையும் என்பதால் இப்போதைக்கு விட்டுவிட்டு, டயர்களை இடம் மாற்றி, தேய்மானத்தைக் கவனித்து வரச் சொன்னார். இதுவரை தேய்மானம் சமமாகத்தான் இருக்கிறது. 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுமுடுக்கலுக்குப் போனேன். நான்கு யூ போல்ட்டுகளிலும் நட்டு சிறிது திரும்பியது. அதற்குக் காசு வாங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு விடுமுறை. காலையிலேயே போனால் சிமெண்டுத் தளம் காலியாக இருக்கும். பிற்பகலில் லாரிகள் அடைத்துக்கொள்ளும். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட டிரெய்லரானால் அதன் பதிவுச் சான்றையும் எடுத்துச் செல்லுங்கள். இழுக்கும் வண்டியின் தாள்கள் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், சட்டப்படி டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. ஹப்பின் பேரிங் எண் தெரிந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அதைக் கழற்றிப் பார்த்து ஆள் அனுப்பி வாங்கி வருவதற்கே ஒரு பகல் போய்விடும்.